எந்தக் கம்பெனிக்கு அனுப்பலாம்?

நமது சபை வாலிபர் ஒருவர் தாம் இயற்றிய மூன்று பாடல்களைப் பதிவு செய்து வந்து, "ஐயா, இவற்றை எந்தக் கம்பெனிக்கு அனுப்பலாம்?" என்று வினவினார்.

இத்தலைநகரிலேயே முன்மாதிரி உண்டு. 1990-இல் டில்லியில் உருவான 'இந்தியன் ஓஷன்' குழுவினர் 1992-இல் டெமோ நாடா ஒன்றைப் பதிவு செய்தனர். எச்.எம்.வி. நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்து, 1993-இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அடுத்த தொகுப்போ 1997-இல் டில்லி மேடையில் வாசித்ததன் நேரடிப் பதிவு! 2000-இல் வந்த 'கந்தீசா' பெரும்புகழ் ஈட்டிற்று. அதன் தலைப்புப் பாடல் கேரள சுரியானி சபைகளின் பழைய ஆராதனைப் பாடல் என்பதைப் பலர் அறியார்.

தம்பியிடம் கூறினேன்: "பலர் முன் பாடிப் பழகிய பாடலையே அனுப்பும். சிறந்ததை முதலில் வையும். இரண்டாவதைக் கேட்க அவர்களுக்குப் பொறுமை இராது. கேட்பதற்கே கட்டணம் கோருவோரை விட்டு விலகும். ஒப்பந்தத்தை வாசியாமல் கையொப்பமிடாதேயும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும், 2012-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்தின்படி அது செல்லாது."

மூன்றாம் பாடலே சிறந்தது என்றேன். அதை மீண்டும் பதிவு செய்யப் போகிறார். தபேலா வாசிப்பவருக்கு ஞாயிறு மாலைதான் ஓய்வாம்.