மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? பில்லு யார் தலையில்?

 

டி.வி.யைத் திறந்தால் ஒரே பட்டிமன்றம். மின்சாரக் கார் நல்லதா, பெட்ரோல் கார் நல்லதா? கிலோமீட்டருக்கு எது லாபம்? கோட்டு போட்டவர்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பேசட்டும். இரண்டு காரும் இல்லாத நம்மிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கன்னிப்பூவும் கும்பப்பூவும் விதைத்து, வாழைக்குலையை டெம்போவில் ஏற்றி வடசேரிச் சந்தைக்கு அனுப்புகிற நம்மிடம்?

கேட்கவில்லை. ஆனால் பில்லை மட்டும் நம்ம தலையில் கட்டுகிறார்கள். எப்படி என்று கணக்கோடு சொல்லத்தான் இந்தத் துண்டுப் பிரசுரம்.

காருக்கு 5, டிராக்டருக்கு 12!

2019 ஆகஸ்ட் 1 முதல் மின்சார வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. புகை குறையும் என்றார்கள். நல்ல காரியம்தான். அதே நாட்டில் டிராக்டருக்கு 12 சதவீதம். உழவு, அறுவடை மிஷின்களுக்கும் 12 சதவீதம். அதை 5 ஆக்குவதற்கு 2025 செப்டம்பர் 22 வரை நாம் காத்துக் கிடக்க வேண்டி வந்தது. முழுசாக ஆறு வருஷம்!

கணக்குப் போடுங்கள். 15 லட்சம் ரூபாய் மின்சாரக் காருக்கு 5 சதவீதம் என்றால் வரி 75 ஆயிரம். 6 லட்சம் ரூபாய் டிராக்டருக்கு 12 சதவீதம் என்றால் வரி 72 ஆயிரம். ஏ.சி. போட்டுப் போகிறவனுக்கும் சேற்றில் இறங்குகிறவனுக்கும் ஏறக்குறைய ஒரே வரி!

இது போதாதென்று, 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை மின்சார வாகனத்துக்குக் கடன் வாங்கியவர்களுக்கு, வட்டியில் வருஷம் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமான வரிக் கழிவு. கார் வாங்கினால் வட்டிக்குக் கழிவு. உரம் வாங்கக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தவனுக்கு எந்தக் கழிவு?

2024இல் மத்திய அரசு பி.எம். இ-டிரைவ் என்று 10,900 கோடி ரூபாய்த் திட்டம் கொண்டு வந்தது. ஸ்கூட்டர் உண்டு, ஆட்டோ உண்டு, பஸ் உண்டு, லாரி உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு. டிராக்டர் இல்லை. பவர் டில்லர் இல்லை. சோறு போடுகிற வண்டி இவர்கள் கண்ணுக்கு வண்டியாகவே தெரியவில்லை!

டீசலில் நம்ம பேர்!

2021 பட்ஜெட்டில் 'விவசாய உள்கட்டமைப்பு மேம்பாட்டு செஸ்' என்று ஒன்றைப் போட்டார்கள். டீசலுக்கு லிட்டருக்கு 4 ரூபாய், பெட்ரோலுக்கு இரண்டரை ரூபாய். வேறு வரியைக் குறைத்துவிட்டோம், விலை ஏறாது என்று சமாதானமும் சொன்னார்கள். சரி, விவசாயி பேரைச் சொல்லி விவசாயி ஊற்றுகிற டீசலிலேயே வசூலா? செஸ் என்பதால் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. 2025 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. நமக்குக் குறைத்தார்களா? கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றி அந்த லாபத்தை அரசே எடுத்துக்கொண்டது.

டீசல் விலை ஏறினால்தான் ஜனங்கள் மின்சாரத்துக்கு மாறுவார்கள் என்று சில படித்தவர்கள் சொல்றாங்க. பட்டணத்துக்காரர் மாறலாம். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்பு வந்து சேராத நாளில், கதிர் வாடுவதைப் பார்த்து டீசல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் எதற்கு மாறுவான்? மாற வழியே இல்லாதவனுக்கு விலையேற்றம் பாடம் இல்லை, அபராதம்!

காற்றும் நம்முடையது, மண்ணும் நம்முடையது!

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. நாட்டிலேயே பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இலவச மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விவசாயி வருஷக்கணக்கில் காத்திருப்பது ஏன்? 2021இல் ஒரு லட்சம் இணைப்பு, 2022இல் மேலும் 50 ஆயிரம் என்று தமிழக அரசு அறிவித்தது என்றால், க்யூ எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இலவச மின்சாரமும் யாரும் தானமாகத் தந்தது இல்லை. 1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவை 10 பைசா ஆக்கியதற்கு எதிராகக் கோவைச் சீமையில் எழுந்த போராட்டத்தில், பெருமாநல்லூரில் குண்டடி பட்டுச் செத்த விவசாயிகளின் ரத்தம் அதில் இருக்கிறது. 2020 மின்சாரத் திருத்த மசோதா, முழு பில்லையும் முதலில் கட்டு, மானியம் பிறகு பேங்கில் வரும் என்ற வழிக்குக் கதவு திறக்கப் பார்த்தது. டில்லி எல்லையில் விவசாயிகள் குளிரில் கிடந்து கேட்ட கோரிக்கைகளில் அதை நிறுத்துவதும் ஒன்று.

இனி மண். மேற்கே முட்டம் தாண்டினால் மணவாளக்குறிச்சி. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் நம்ம கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று ஐரோப்பாவின் கேஸ் விளக்கு எரிய அந்த மணலின் தோரியம் போயிற்று. இன்று மின்சாரக் கார் மோட்டாரின் காந்தத்துக்கு அதே மணலில் இருக்கிற நியோடிமியம் வேண்டுமாம். 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் டில்லிக்கு அவசரம் வந்துவிட்டது. நவம்பரில் காந்தத் தொழிற்சாலைகளுக்கு 7,280 கோடி ரூபாய் திட்டம்!

கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணல் தோண்டும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று நடக்க இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம், மக்கள் எதிர்ப்பால் தள்ளி வைக்கப்பட்டது. உடனே கற்றுக்கொண்டார்கள். 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டுவிட்டது. தோண்டுவது நம்ம மண்ணை. நம்மிடம் கேட்க மட்டும் கூடாதாம்! இன்று கிள்ளியூர் என்றால் நாளை இராஜாக்கமங்கலம் துறை ஆகாது என்று யார் எழுதித் தருவார்கள்?

நாம் எதிரி இல்லை!

மின்சார வண்டி புகை விடாது, ஓட்டுகிற செலவும் குறைவு. அதை நாம் மறுக்கவில்லை. 2017 ஓக்கிப் புயலில் வாழையும் தென்னையும் ரப்பரும் சாய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். வானிலை கெட்டால் முதல் அடி யாருக்கு என்று யாரும் நமக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். பச்சை எரிசக்தி வரட்டும். பணக்காரன் முற்றத்தில் கார், ஏழை நிலத்தில் குழி என்று வரக்கூடாது. அவ்வளவுதான்!

நமது கோரிக்கைகள்:

1. மின்சார வண்டித் திட்டங்களில் டிராக்டர், பவர் டில்லர், சிறு விவசாயியின் சரக்கு வண்டியைச் சேர்!
2. சாகுபடிக்கு ஊற்றும் டீசலுக்கு வரியைத் திருப்பிக் கொடு!
3. காத்திருக்கும் எல்லோருக்கும் மின் இணைப்பு கொடு! இலவச மின்சாரத்தில் கை வைக்காதே!
4. சோலார் பம்பு செட்டில் சிறு விவசாயி கட்டும் பங்கைத் தவணையில் வாங்கு!
5. கருத்துக் கேட்பை ஒழிக்கும் உத்தரவை ரத்து செய்!

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துப் போட்ட பிறகே எழுந்திருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய எழுத்தை எவரும் வாய் வார்த்தையால் அழிக்க முடியாது!

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் ஆளுகிறவன் பதில் சொல்லியே ஆக வேண்டும்!

இவண்,
இராஜாக்கமங்கலம் வட்டார விவசாயிகள்