ராக்கெட் தனியாருக்குப் போகிறது, இடஒதுக்கீடு எங்கே போகிறது?

குலசேகரன்பட்டினம் நமக்கு அதிகத் தொலைவில் இல்லை. கம்பத்தில் காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். தசராவுக்கு மாலை போட்டு அங்கே போகிறவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அந்த ஊரில்தான் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2025 ஆகஸ்ட் 27 அன்று இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் முன்னிலையில் ஏவுமேடைக்கான பூமி பூஜை நடந்தது. தமிழ்நாடு அரசு இதற்காகக் கையகப்படுத்திக் கொடுத்த நிலம் 2,233 ஏக்கர்.

ஏற்கெனவே ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது இன்னொரு தளம் எதற்கு என்று கேட்கலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ராக்கெட் விட்டால் அது இலங்கைக்கு மேலே போகும். அதைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும், சிறிய ராக்கெட் தாங்காது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே வெறும் கடல்தான். அதனால் எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டுகளுக்கும், தனியார் நிறுவனங்கள் செய்யும் ராக்கெட்டுகளுக்கும் இதுவே ஏற்ற இடம்.

கவனிக்க வேண்டிய சொல் 'தனியார்'. இந்தப் பத்தியில் ராக்கெட்டைப் பற்றி எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

சில வாரங்களுக்கு முன் உத்தமபாளையம் வட்டத்தில் ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குப் போயிருந்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ராக்கெட் கம்பெனியில் நம்மையெல்லாம் வேலைக்கு எடுப்பார்களா என்று கேட்டாள். விடியற்காலையில் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாயின் மகள் அவள். படித்தால் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்தியது. இஸ்ரோவைப் பற்றிக் கேட்டிருந்தால் அது ஓரளவு உண்மையான பதில். அவள் கேட்டதோ கம்பெனியைப் பற்றி.

வேறுபாடு என்னவென்றால், இஸ்ரோ ஒரு அரசுத் துறை. அங்கே ஆள் எடுக்கும் விளம்பரம் வந்தால் பட்டியலினத்தவருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு என்று இடம் உண்டு. டெக்னீசியன் வேலைக்கு ஐ.டி.ஐ. படித்தவர் விண்ணப்பிக்கலாம், தேர்வு எழுதலாம், தவறு நடந்தால் தேசியப் பட்டியலின ஆணையத்திடம் முறையிடலாம். அரசமைப்புச் சட்டத்தின் 16(4) தரும் உரிமை அது. தனியார் நிறுவனத்தின் வாசலில் அந்தப் பிரிவு நின்றுவிடுகிறது. அங்கே இடஒதுக்கீடும் இல்லை, இனச்சுழற்சிப் பட்டியலும் இல்லை. எத்தனை தலித்துகள் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கைக்கூட யாரும் கேட்க முடியாது.

இந்த வாசல் எவ்வளவு வேகமாக அகலமாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2019-இல் இஸ்ரோவின் வணிகப் பிரிவாக என்.எஸ்.ஐ.எல். வந்தது. 2020 ஜூனில் தனியாரை அனுமதிக்க 'இன்ஸ்பேஸ்' என்ற அமைப்புக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2022 நவம்பர் 18 அன்று ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் 'விக்ரம்-எஸ்' என்ற ராக்கெட்டை விட்டது. இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று விட்ட முதல் ராக்கெட் அதுதான். 2023-இல் விண்வெளிக் கொள்கை வந்தது. 2024 பிப்ரவரியில் அந்நிய முதலீட்டு விதிகள் தளர்த்தப்பட்டன. அந்த ஆண்டு மே 30 அன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எந்திரத்தை வைத்து ஸ்ரீஹரிகோட்டாவிலேயே சொந்த ஏவுமேடையிலிருந்து ராக்கெட் விட்டது. அமெரிக்காவில் எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் 2024-இல் மட்டும் 130-க்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளை விட்டிருக்கிறது. அரசுகள் மட்டுமே செய்துவந்த வேலை, உலகம் முழுக்கச் சந்தைக்கு வந்துவிட்டது.

அக்னிகுல் இளைஞர்கள் செய்தது சாதாரண வேலை அல்ல. தமிழ்நாட்டு மண்ணில் அது நடந்ததில் நமக்கும் பெருமை உண்டு. நம் கேள்வி அந்த நிறுவனத்தின் மீது அல்ல, அரசின் மீது.

ஏனென்றால் இது முழுக்கத் தனியார் பணத்தில் நடக்கும் கதை இல்லை. ஏவுதளத்துக்கு நிலம் மக்களுடையது. சோதனைக்கூடங்கள் இஸ்ரோவுடையவை, அறுபது ஆண்டுகளாக வரிப்பணத்தில் கட்டியவை. புதிய நிறுவனங்களில் முதலீடு செய்ய 1,000 கோடி ரூபாய் நிதியத்துக்கு 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரலில் தனியாக ஒரு விண்வெளித் தொழில் கொள்கையை வெளியிட்டது. ஐந்து ஆண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, சுமார் 10,000 வேலை என்பது இலக்கு. விண்வெளித் துறையில் வடிவமைப்பு, ஆராய்ச்சி மையங்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு ஊதிய மானியம் உண்டு: முதல் ஆண்டு 30 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10.

இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம். சம்பளத்தின் ஒரு பங்கையே அரசு கொடுக்கப்போகிறது. தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டும் சின்னமனூர் கூலித் தொழிலாளியின் காசும் அதில் இருக்கிறது. அப்படியிருக்க, யாருக்குச் சம்பளம் போகிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லையா? நாம் அறிந்தவரை, அந்த மானியத்தைப் பெற இத்தனை பட்டியலின இளைஞர்களை எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

இது நமக்குப் புதிய அனுபவமும் அல்ல. 2000-ஆம் ஆண்டு சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அரசு நிறுவனமான டிட்கோ முன்னின்று கட்டியது. அதன் பின் பழைய மாமல்லபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. நிலம், மின்சாரம், சாலை, வரிச்சலுகை எல்லாம் அரசு கொடுத்தது. அப்போது யாரும் நிபந்தனை போடவில்லை. கேட்டால் 'தகுதி' என்றார்கள், 'உலகப் போட்டி' என்றார்கள். ஒரு தலைமுறை போய்விட்டது. அந்தக் கட்டடங்களில் கழிப்பறை கழுவுகிறவர்களையும் காவல் நிற்பவர்களையும் எண்ணிப் பார்த்தால் நம் தெருக்காரர்கள் நிறைய இருப்பார்கள். மேல்மாடிக்குப் போகப் போகக் குறைவார்கள். குலசேகரன்பட்டினம் அருகே விண்வெளித் தொழிற்பூங்கா அமைக்கும் பொறுப்பும் அதே டிட்கோவிடம்தான் வந்திருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2025 ஆகஸ்டில், ஏவுமேடைக்குப் பூமி பூஜை நடந்த அதே மாதத்தில், சென்னை மாநகராட்சி வாசலில் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்பதுதான் கோரிக்கை. ஒருநாள் நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். தெருவைக் கூட்டும் வேலையும் வானத்துக்கு ராக்கெட் விடும் வேலையும் ஒரே காலத்தில் தனியார் கைக்குப் போகின்றன. முதலாவதில் நம்மவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், நிரந்தரத்தை இழக்கிறார்கள். இரண்டாவதில் நுழையவே வழி இல்லை.

'ராக்கெட்டுக்குச் சாதி தெரியாது, திறமைதான் வேண்டும்' என்று சொல்பவர்கள் உண்டு. சரி, திறமையைப் பற்றியே பேசுவோம். இஸ்ரோவின் இன்றைய தலைவர் நாராயணன் குமரி மாவட்டக் கிராமத்தில் தமிழ்வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்த ரயில்வே ஊழியரின் மகன்; அவரும் பாலிடெக்னிக்கிலிருந்து வந்தவர். இவர்கள் என்ன சாதி என்பது நமக்குப் பொருட்டல்ல. இவர்கள் ஏறிவந்த ஏணி பொது ஏணி. விளம்பரம் கொடுத்து, தேர்வு வைத்து, பாலிடெக்னிக் பையனையும் உள்ளே விட்ட ஒரு நிறுவனம் இருந்தது. தனியார் புதுநிறுவனத்தில் ஆள் எடுப்பது பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான், அதுவும் ஒரு சில கல்லூரி வளாகங்களில்தான். போடியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அந்த வளாகத்துக்கு ராக்கெட் கம்பெனி எப்போது வரும்?

பிள்ளைகளிடம் ஆர்வம் இல்லை என்று சொல்லவே முடியாது. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் போன 'ஆசாதிசாட்' என்ற சிறு செயற்கைக்கோளுக்கான கருவிகளை நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் செய்தார்கள். அவர்களில் நம் பக்கத்துத் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ராக்கெட் சரியான சுற்றுப்பாதைக்குப் போகவில்லை, கோள் வீணானது. அடுத்த பிப்ரவரியிலேயே இரண்டாவது கோள் வெற்றிகரமாகப் போனது. திருமங்கலத்தில் முடிந்தது ஆண்டிபட்டியிலும் கூடலூரிலும் முடியும். ஆய்வகத்தில் சாமானும், அறிவியல் ஆசிரியரும் வேண்டும், அவ்வளவுதான். நாம் போன பள்ளியில் ஆய்வக அறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று தேடவே அரை மணி நேரம் ஆனது.

நம் மாவட்டத்துக்குப் 'பெரிய அறிவியல்' வந்த கதையும் நினைவுக்கு வருகிறது. பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எதிர்ப்பும் வழக்குமாக அது நின்றுபோனது. எதிர்த்தது சரியா என்பது தனி விவாதம். அந்த ஆண்டுகள் முழுக்க மலை பேசப்பட்டது, தண்ணீர் பேசப்பட்டது. பக்கத்துச் சேரியின் பிள்ளைகளுக்கு அதில் என்ன படிப்பு, என்ன வேலை என்று ஆதரித்தவர்களும் பேசவில்லை, எதிர்த்தவர்களும் பேசவில்லை.

செய்யக்கூடியது என்ன? தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கை 2002-இன் போபால் பிரகடனத்திலேயே பேசப்பட்டது. 2004-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்திலும் இடம்பெற்றது. பின்னர் தொழிலதிபர் சங்கங்கள் 'நாங்களாகவே செய்கிறோம்' என்று நடத்தை விதி எழுதிக்கொண்டன, கதை அத்தோடு முடிந்தது. நாடாளுமன்றம் சட்டம் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே நம் கருத்து. 2005-இல் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தித் தனியார் கல்வி நிறுவனங்களையே இடஒதுக்கீட்டுக்குள் கொண்டுவர 15(5) சேர்க்கப்பட்டது. அதைவிட எளிய வழி மாநில அரசின் கையிலேயே இருக்கிறது. நிலமும் மானியமும் கொடுப்பது அரசு. கொடுக்கிறவர் நிபந்தனை போடலாம்.

முப்பது பேர் வேலை செய்யும் புதுநிறுவனத்திடம் இனச்சுழற்சிப் பட்டியல் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது, அதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஊதிய மானியம் வாங்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் எத்தனை பட்டியலின, பழங்குடி ஊழியர்கள், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லலாம். பட்டியலின இளைஞர் ஒருவரைப் பொறியாளராகவோ டெக்னீசியனாகவோ எடுத்தால் அந்தச் சம்பளத்துக்குக் கூடுதல் மானியம் தரலாம். ராக்கெட் என்றால் விஞ்ஞானி மட்டும் இல்லை. கடைசல், வெல்டிங், சி.என்.சி. எந்திரம், முப்பரிமாண அச்சு என்று கைவேலைக்காரர்கள் ஏராளமாக வேண்டும். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் இதே எந்திரங்களோடு அரசு மேம்படுத்தியிருக்கிறது. அங்கே இடஒதுக்கீட்டில் சேர்ந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். அங்கிருந்து இந்தக் கம்பெனிகளுக்கு ஒரு பாதை போட்டுக் கொடுப்பது ஓர் அரசாணையில் முடிகிற வேலை.

முதலாளிகளாகவும் நம்மவர்கள் வரட்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கான 2012 கொள்முதல் ஆணைப்படி, ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்கும் பொருள்களில் 4 விழுக்காட்டைப் பட்டியலின, பழங்குடி தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். இந்த இலக்கு எட்டப்படாமலே ஆண்டுகள் போகின்றன. இருந்தாலும் இஸ்ரோ அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டது. எஸ்.எஸ்.எல்.வி. தொழில்நுட்பத்தை 2025-இல் 511 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது எச்.ஏ.எல். என்ற பொதுத்துறை நிறுவனம் என்பதால் அங்கும் அது பொருந்தும், இடஒதுக்கீடும் தொடரும். ஏலத்தில் தனியார் ஜெயித்திருந்தால் இரண்டும் போயிருக்கும். மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் கிடைக்கிறது. நம் பகுதியில் அதை வாகனம் வாங்கவும் கடை வைக்கவும் கேட்கிறார்கள். உதிரிபாகப் பட்டறை வைக்கலாம் என்று மாவட்டத் தொழில் மையத்தில் யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா?

விண்வெளித் தொழில் கொள்கையின் பலன்கள் இன்னும் முழுமையாகப் பகிர்ந்து கொடுக்கப்படவில்லை. தொழிற்பூங்காவில் மனைகள் ஒதுக்கும் விதிகளில் ஒரு வரி சேர்க்க இப்போது நேரம் இருக்கிறது, ஒதுக்கி முடித்த பிறகு இருக்காது. தேனி மாவட்டத்தில் நான்கு சட்டமன்றத் தொகுதிகள், அதில் பெரியகுளம் தனித் தொகுதி. சட்டமன்றத்தில் தொழில்துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளில் இந்த நால்வரில் ஒருவராவது எழுந்து, ஊதிய மானியத்தில் எத்தனை ரூபாய் பட்டியலினத்தவரின் சம்பளமாகப் போனது என்று அமைச்சரிடம் கேட்க வேண்டும். என்ன பதில் வந்தாலும் அதை இந்தப் பத்தியில் வெளியிடுகிறோம். அந்த மாணவியின் பள்ளிக்கும் ஒரு பிரதி அனுப்புவோம்.