வாய்ப்புக்கு விலை கேட்பவர்கள்

'புதுமுகங்கள் தேவை, அனுபவம் அவசியமில்லை.' வாட்ஸ்அப்பில் வலம்வரும் இந்தச் சினிமா விளம்பரத்தை நம்பி சென்னை வடபழனியில் வந்து இறங்கும் இளைஞர்களிடம் முதலில் பணம்தான் கேட்கப்படுகிறது. போட்டோ ஆல்பத்துக்கு ஒரு தொகை, உறுப்பினர் அட்டைக்கு ஒரு தொகை, 'டெஸ்ட் ஷூட்'டுக்கு இன்னொன்று. அம்மாவின் நகையை அடகுவைத்துக் கட்டி முடிப்பதற்குள் அந்த அலுவலகத்தில் பூட்டு தொங்குகிறது. இது பச்சை மோசடி.

முறையான நடிகர் தேர்வுக்குக் கட்டணம் கிடையாது. இயல்பான வெளிச்சத்தில் மேக்கப் இல்லாமல் எடுத்த நாலைந்து படங்களும், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு நிமிட செல்போன் வீடியோவும் தொடக்கத்துக்குப் போதும். தொழிலைக் கற்க நாடகக் குழுக்கள் இருக்கின்றன. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்றவர்தான் பசுபதி. அங்கே கணக்காளராக வேலை பார்த்த விஜய் சேதுபதி, ஆண்டுக்கணக்கில் சிறு வேடங்களில் நடித்துவிட்டு, 2010இல் வெளியான 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில்தான் நாயகனானார்.

ஓட்டல் அறைக்குத் தனியாக வரச்சொன்னால், பெண்கள் தயங்காமல் மறுத்துவிட வேண்டும். இணையவழியில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். காவல்துறையும் இப்புகார்களைச் சினிமா ஆசையின் விளைவு என்று ஒதுக்காமல் வழக்குப் பதிய வேண்டும்.