முதுகுக்கு பாலிசி இல்லை

அடிவாரத்தில் பஸ் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு, பிறகு ஏற்காடு. அங்கே காப்பி மூட்டையை முதுகில் ஏற்றி இறக்குவது யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சுமந்த ஒருவர் போன மாதம் நான் வேலை பார்க்கிற கவுண்டருக்கு வந்தார். எங்க தெருதான், உறவில் பெரியப்பா. கையில் ஸ்கேன் உறை. டிஸ்க் நழுவி ஏழு வருசம், வலது கால் மரத்துப்போகிறது. "தம்பி, உங்க பேங்குலயே இன்சூரன்ஸ் போடுறாங்களாமே, எனக்கு ஒண்ணு போட்டுக்குடுப்பா."

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மில்லுக்குப் போகிற மகன் சம்பளம் சேர்ந்ததில் அவர் 'பணக்காரர்' ஆகிவிட்டார்.

விண்ணப்பத்தில் முதுகுத்தண்டு நோய் உண்டா என்ற இடத்தில் 'ஆம்' போட்டது நான்தான். பத்து நாளில் மறுப்பு வந்தது. "இல்லேன்னு போட்டிருக்கலாமேப்பா" என்றார். போட்டிருக்கலாம். நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்ததும் 'மறைத்துவிட்டார்' என்று பணத்தைத் தள்ளுபடி செய்வார்கள். ஐந்து வருசம் விடாமல் பிரீமியம் கட்டிய பிறகுதான், மோசடி என்று நிரூபித்தாலொழிய, அந்தக் கேள்வி எழாது.

கிடைத்தவர்கள் பாடும் அப்படித்தான். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 48 மாதம் வரை காக்கவைத்தார்கள், 2024 ஏப்ரலில் அதை 36 ஆக்கினார்கள். புதிதாக டிஸ்க் நழுவினாலும் பல பாலிசிகளில் 24 மாதம் காத்திருக்கணும். அதுவும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் காசு. பெரியப்பாவுக்கு வேண்டியதோ பிசியோதெரபி, மாத்திரை, மூட்டை தூக்காத ஒரு வேலை.

2011இல் தண்டுவடத்தில் அடிபட்டு சக்கர நாற்காலிக்கு வந்த ஒருவரைக் கம்பெனிகள் இப்படியே திருப்பி அனுப்பின. அவர் டில்லி உயர்நீதிமன்றம் போனார். மாற்றுத்திறனாளிக்கும் மருத்துவக் காப்பீடு உரிமை உண்டு, அதற்கேற்ற பாலிசிகளைக் கொண்டுவர வேண்டும் என்று 2022 டிசம்பரில் நீதிபதி பிரதிபா எம். சிங் சொன்னார். 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஆணையம் மாதிரி பாலிசி ஒன்றை வெளியிட்டது. நல்லது. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 40 சதவீதம் என்றொரு கோடு இருக்கிறது. சுமந்து சுமந்து தேய்ந்த முதுகின் வலிக்கு யார் சதவீதம் போடுவது?

எனக்கும் கழுத்தெலும்புத் தேய்மானம் உண்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலையில் வந்தது. 2015 ஒப்பந்தத்தில் வங்கி ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு வந்தபோது கிளார்க்குக்கு 3 லட்சம் என்றார்கள், பழைய நோயும் சேர்த்தி. என் கழுத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கல. சங்கம் கட்டிப் பேசி வாங்கினது அது. எனக்கு முடிவது பெரியப்பாவுக்கு ஏன் முடியாது? உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982லேயே இந்த மாநிலத்தில் வந்துவிட்டது, நலவாரியமும் இருக்கிறது. வருமான வரம்பு இல்லாமல், பழைய நோயை ஒதுக்காமல், பிசியோதெரபியையும் சேர்த்து ஒரு குழுக் காப்பீட்டை வாரியமே எடுக்கட்டும்.

அடிவாரம், ஏற்காடு தோழர்கள் தங்களிடம் உள்ள மறுப்புக் கடிதங்களின் நகலை அனுப்புங்கள். வாரியத்துக்குக் கொடுக்கும் மனுவோடு சேர்க்க வேண்டும்.