வெள்ள நிவாரணம் நிலத்துக்கா, உழைப்பவனுக்கா?



2021 ஜனவரியில் காவிரி டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்தது; நெல் கதிரிலேயே முளைத்தது. இயற்கையின் சீற்றமாம்! மழை இயற்கைதான், வடிகால் தூர்ந்து கிடப்பது யார் குற்றம்? தண்ணீர் வடியாவிட்டால் பயிர் அழுகும் என்பது டெல்டாவில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

2022-ல் மத்திய அரசு வகுத்த விதி என்ன? மூன்றில் ஒரு பங்கு பயிராவது அழிந்திருந்தால் பாசன வயலுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூடத் தேறாது. அதுவும் யார் கைக்கு? பட்டா உள்ளவருக்கு. வாய்மொழிக் குத்தகைக்குக் கடன் வாங்கி உழுதவன் பெயர் பதிவேட்டில் இல்லை. நடவு நட்ட பெண்ணுக்கோ, அறுவடைக் கூலி போனது எந்தக் கணக்கிலும் வராது.

அந்தக் குடும்பங்களைத் தாங்குவது யார்? மும்பையிலும் பெங்களூரிலும் ஓவர்டைம் பார்த்து நாம் அனுப்பும் பணம்! நம் வியர்வைதான் அவர்களின் பயிர்க் காப்பீடு. அரசின் கடமையை எத்தனை காலம் நம் தோள் சுமப்பது?

மழைக்கு முன்பே வடிகாலைத் தூர்வாரு! உழுபவன் பெயரை அடங்கலில் ஏற்று! வேலையிழந்த நாளுக்குக் கூலி கொடு! கிளைதோறும் தீர்மானம் போடுவோம். இனி ஊருக்குப் பணத்தோடு இந்தக் கோரிக்கைகளும் போகட்டும்!