ஒப்புக்கொடுத்தல்: ஒரு வினைச்சொல்லும் அதன் எழுவாய்களும்

கிறிஸ்து மனமுவந்து மரித்தார் என்பது கிறிஸ்தவ மரபின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. அவர் கொல்லப்பட்டார் என்பதை அந்த மரபு மறைப்பதில்லை. அவரது விருப்பத்தை மீறிக் கொல்லப்படவில்லை என்பதையே வலியுறுத்துகிறது. ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று இந்த நம்பிக்கை பிரசங்க மேடைகளில் புதுப்பிக்கப்படுகிறது. பல வேளைகளில் அதைத் தொடர்ந்து இன்னொரு வாக்கியமும் வருகிறது: அவர் விரும்பிச் சுமந்தார், ஆகவே நீங்களும் உங்கள் சிலுவையை முறுமுறுக்காமல் சுமங்கள். கேட்போரிடையே கணவனிடம் அடிபடும் பெண் இருக்கலாம். சாதியின் பெயரால் நாள்தோறும் இழிவுபடுத்தப்படும் தொழிலாளி இருக்கலாம். முதல் வாக்கியம் கோட்பாடு. இரண்டாவது அதிலிருந்து பெறப்பட்டதாகச் சொல்லப்படும் அறிவுரை. கோட்பாட்டை ஏற்பவர் அறிவுரையையும் ஏற்றாக வேண்டுமா என்பதே இங்குக் கேள்வி. இதற்கு விடை காண, புதிய ஏற்பாட்டின் ஒரு வினைச்சொல்லைப் பின்தொடர்ந்து செல்வது பயன் தரும்.

கிரேக்க மூலத்தில் அந்த வினை ‘பரதிதோமி’. ஒருவர் கையிலிருப்பதை இன்னொருவர் கையில் சேர்ப்பித்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். மாற்கு 14:10இல் யூதாஸ் இயேசுவைப் பிரதான ஆசாரியர் கையில் சேர்ப்பிக்கப் போகிறான். 15:1இல் ஆசாரியர்கள் அவரைப் பிலாத்துவின் கையில் சேர்ப்பிக்கிறார்கள். 15:15இல் பிலாத்து அவரைச் சிலுவையில் அறையும்படி சேர்ப்பிக்கிறான். மூன்று இடங்களிலும் வினை ஒன்றே. ரோமர் 8:32இல் அதே வினைக்குக் கடவுள் எழுவாய் ஆகிறார். கலாத்தியர் 2:20இல் குமாரனே எழுவாய், குமாரனே செயப்படுபொருள்: தம்மைத் தாமே கொடுத்தவர் என்கிறார் பவுல். யோவான் 19:30இல் சிலுவையில் இயேசு தமது ஆவியைக் கொடுப்பதற்கும் இதே வினை. 1 கொரிந்தியர் 11:23இல் ஒரே வசனத்துக்குள் இவ்வினை இரண்டு முறை வருகிறது. பவுல் தாம் பெற்றதைச் சபைக்கு அளித்ததைச் சொல்லும்போது ஒன்று. இயேசு பகைவர் கையில் விடப்பட்ட இரவைச் சொல்லும்போது மற்றொன்று.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒற்றை வினையைப் பிரித்தே பெயர்த்தனர். தமிழில் பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் யூதாஸ் செய்தது ‘காட்டிக்கொடுத்தல்’. பிலாத்துவும் கடவுளும் குமாரனும் செய்தது ‘ஒப்புக்கொடுத்தல்’. இந்தி மொழிபெயர்ப்பில் யூதாஸ் இயேசுவைப் ‘பகட்வானா’, அதாவது பிடித்துக்கொள்ளச் செய்கிறான். கடவுளோ ‘தே தியா’, கொடுத்துவிட்டார். மலையாளத்திலும் யூதாஸுக்குரியது ‘காணிச்சுகொடுக்கல்’ என்ற தனி வினை. சூழலுக்கேற்ற இந்தத் தெரிவுகளில் தவறில்லை. ஆயினும் கிரேக்கத்தில் கேட்டவர் உணர்ந்த ஓர் அதிர்ச்சி இவற்றில் மறைந்துவிடுகிறது. துரோகத்தையும் கொடையையும் குறிக்க அவருக்குக் கிடைத்தது ஒரே சொல். இலத்தீன் அந்த நெருக்கத்தைக் காத்துக்கொண்டது. அம்மொழியின் ‘த்ராதெரே’ என்ற வினையிலிருந்தே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் மரபுக்கான சொல்லும் துரோகிக்கான சொல்லும் பிறந்தன.

இந்த நெருக்கத்தை நேராக எதிர்கொண்டவர் அகுஸ்தீன். யோவானின் முதல் நிருபத்தைப் பற்றிய ஏழாவது மறையுரையில், பிதாவும் குமாரனும் யூதாஸும் மூவருமே ‘ஒப்புக்கொடுத்தார்கள்’ என்றால் அவர்களிடையே வேறுபாடு என்ன என்று அவர் கேட்கிறார். செயல் ஒன்று, நோக்கம் வேறு. பிதாவும் குமாரனும் அன்பினால் செய்ததை யூதாஸ் துரோகத்தால் செய்தான் என்பது அவரது விடை. இதில் கவனிக்க வேண்டியது, பலியானவரின் சம்மதம் யூதாஸின் குற்றத்தை அழிப்பதில்லை என்பது. மாற்கு 14:21 இதைத் தெளிவாகவே சொல்கிறது: மனுஷகுமாரன் எழுதியிருக்கிறபடியே போகிறார், ஆனாலும் காட்டிக்கொடுப்பவனுக்கு ஐயோ. இரண்டு கூற்றுகளும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்று மற்றொன்றைத் தள்ளுபடி செய்வதில்லை. துன்பப்பட்டவர் பொறுத்துக்கொண்டார் என்பதால் துன்புறுத்தியவர் விடுதலையாவார் என்ற தர்க்கத்துக்கு நற்செய்திகளில் இடமில்லை.

இந்தக் கோட்பாடு நன்மைக்குப் பயன்பட்ட தருணமும் வரலாற்றில் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏத்தாத்தே’ அறிக்கையின் 4ஆம் பகுதி, கிறிஸ்துவின் பாடுகளுக்கான பழியை அக்கால யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ சுமத்தலாகாது என்கிறது. எல்லா மனிதரின் பாவங்களுக்காகவும் கிறிஸ்து தாமே விரும்பிப் பாடுபட்டார் என்பதையும் அதே பகுதி நினைவூட்டுகிறது. நூற்றாண்டுகளாக ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட பழியை அகற்ற அந்த நம்பிக்கை உதவியது. எனவே குறை கோட்பாட்டில் இருக்கிறது என்று அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டியதில்லை. அது யாரிடம், எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

‘விருப்பம்’ என்பதன் பொருளை மரபு எவ்வளவு கவனமாக வரையறுத்தது என்பதற்குக் கெத்செமனே தோட்டம் சான்று. மாற்கு 14:36இல் இயேசு முதலில் கேட்பது, அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்பதையே. பிதாவின் சித்தத்துக்கு இணங்குதல் அதன் பிறகு வருகிறது. 7ஆம் நூற்றாண்டில் கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்று வாதிட்டவர்களுக்கு அந்த முதல் வேண்டுதல் பெரும் இடராக இருந்தது. மனிதச் சித்தம் அவரிடம் இல்லையெனில் அந்த மன்றாட்டு வெறும் நடிப்பாகிவிடும் அல்லவா? அறிக்கையாளர் மாக்சிமுஸ் அந்தக் கொள்கையை எதிர்த்தார். 662இல் அவரது நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன. நாடுகடத்தப்பட்ட நிலையில் அதே ஆண்டில் மறைந்தார். 680–681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டாண்டினோபிள் சங்கம், கிறிஸ்துவுக்கு இரு சித்தங்கள் உண்டு என்று முடிவுசெய்தது. அவரது மனிதச் சித்தம் தெய்வீகச் சித்தத்தை எதிர்க்காமல் பின்பற்றியது, ஆனால் அழிந்துபோகவில்லை என்பது அம்முடிவின் சாரம். இதன் விளைவு சாதாரணமானதன்று. துன்பம் நீங்க வேண்டும் என்று கேட்பது பாவமன்று, அவிசுவாசமுமன்று என்று அதன் வழியே உறுதியாகிறது. முறுமுறுக்காமல் சுமக்கச் சொல்லும் பிரசங்கம், கிறிஸ்துவே வாய்விட்டுக் கேட்ட விடுதலையைக் கேட்கும் உரிமையை மற்றவர்க்கு மறுக்கிறது.

மனமுவந்து மரித்தல் என்பது மரணத்தைத் தேடிச் செல்லுதலும் அன்று. யோவான் நற்செய்தியில் இயேசு கல்லெறிக்குத் தப்பி மறைகிறார் (8:59). பிடிக்க வந்தவர்களின் கைக்கு அகப்படாமல் விலகுகிறார் (10:39). கொல்லத் திட்டமிட்டபோது வெளிப்படையாக நடமாடுவதை நிறுத்துகிறார் (11:54). 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா சபையினர் எழுதிய பொலிக்கார்ப்பின் இரத்தசாட்சி வரலாற்றில் குவிந்துஸ் என்றொருவர் வருகிறார். தானாக முன்வந்து தன்னை அதிகாரிகளிடம் ஒப்படைத்த அவர், விலங்குகளைக் கண்டதும் அஞ்சிப் பின்வாங்குகிறார். தாமாகவே தம்மை ஒப்படைப்போரைப் பாராட்டுவதில்லை என்று அந்நூல் வெளிப்படையாகச் சொல்கிறது. பொலிக்கார்ப் தொடக்கத்தில் ஊரைவிட்டு விலகிச் சென்றவர். அவரையே அது முன்மாதிரியாக வைக்கிறது.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலை எழுதிய ஆன்செல்ம், இன்னும் நுட்பமான வேறுபாடு ஒன்றைக் காட்டினார். மரணம் கிறிஸ்துவின் மீது ஏவப்பட்ட கட்டளையன்று. நீதியில் விலகாமல் நிற்பதே அவர் ஏற்ற கீழ்ப்படிதல், அந்த நிலைப்பாட்டின் விளைவாக மரணம் வந்தது என்பது அவரது விளக்கம். ஆன்செல்மின் பரிகாரக் கோட்பாட்டை ஏற்காதவர்களும் இந்த வேறுபாட்டை ஏற்கலாம். துன்பம் நோக்கமன்று, நீதிக்குக் கொடுத்த விலை. அநீதிக்கு இணங்குவதால் வரும் துன்பத்தை இந்த அளவுகோலால் புனிதப்படுத்த இயலாது.

இந்த நம்பிக்கையின் மீது வைக்கப்பட்ட கடுமையான விமரிசனத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1989இல் ஜோன் கார்ல்சன் பிரவுன், ரெபேக்கா பார்க்கர் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை, தந்தை மகனின் துன்பத்தை விரும்பினார் என்ற சித்திரம் வன்முறைக்கு ஆளாகும் பெண்களையும் குழந்தைகளையும் மௌனமாக்குகிறது என்று வாதிட்டது. 1993இல் வெளிவந்த நூலில் டெலோரஸ் வில்லியம்ஸ், பிறருக்குப் பதிலாகத் துன்புறும்படி கறுப்பினப் பெண்கள் காலங்காலமாக நிர்ப்பந்திக்கப்பட்ட வரலாற்றைச் சுட்டி, பதிலீட்டுத் துன்பத்தைப் புனிதமாக்கும் இறையியலைக் கேள்விக்குள்ளாக்கினார். ‘அவர் மனமுவந்து செய்தார்’ என்ற ஒற்றை வரி இந்த விமரிசனத்துக்குப் போதிய பதிலாகாது. ஒடுக்கப்பட்டவரின் ‘விருப்பம்’ எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதே அவர்களது கேள்வி.

பதிலுக்கான திறவுகோல் யோவான் 10:18இல் இருக்கிறது. தமது உயிரைத் தம்மிடமிருந்து எவரும் எடுத்துக்கொள்வதில்லை, தாமே கொடுப்பதாக இயேசு சொல்லும் இடம் அது. அங்கே விருப்பத்தோடு ‘எக்சூசியா’, அதாவது அதிகாரம் என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது: கொடுக்கவும் அதிகாரம், திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதிகாரம். மத்தேயு 26:53இல் பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதரை வேண்டிப் பெறும் வாய்ப்பு தமக்கு இருப்பதாக அவர் சொல்வதும் இதே பொருளில்தான். மறுக்கும் ஆற்றல் இருந்தால்தான் கொடை கொடையாகிறது. தன் கையில் இல்லாததை எவராலும் கொடுக்க இயலாது. வருமானமும் புகலிடமும் இல்லாத, தாய்வீடும் திருப்பி அனுப்பிவிடும் ஒரு பெண் அடி வாங்குவதை ‘ஒப்புக்கொடுத்தல்’ என்று அழைப்பது இலக்கணப் பிழை. அவள் தன்னை ஒப்புக்கொடுக்கவில்லை, ஒப்புக்கொடுக்கப்பட்டாள். அந்தச் செயப்பாட்டு வாக்கியத்தின் மறைந்த எழுவாயைத் தேடுவதே சபையின் வேலை.

புதிய ஏற்பாட்டிலேயே இதற்கு வலுவான சான்று உண்டு. கிறிஸ்து தம்மைத் தாமே ஒப்புக்கொடுத்ததைப் பின்பற்றும்படி எபேசியர் 5:25 கட்டளையிடுவது கணவர்களுக்கு. அக்குடும்ப அமைப்பில் அதிகாரம் வைத்திருந்தவர்களுக்கு. 1 பேதுரு 2ஆம் அதிகாரம் இதற்கு மாறாகத் தோன்றும் என்பதையும் மறைக்கலாகாது. அங்கே வீட்டு அடிமைகளிடம், கொடிய எசமானர்க்கும் கீழ்ப்படியுமாறு சொல்லப்படுகிறது; கிறிஸ்துவின் பாடுகள் அவர்களுக்கு மாதிரியாக வைக்கப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்த போதகர்கள் இத்தகைய பகுதிகளையே எடுத்தாண்டார்கள். இந்தப் பகுதியை மென்மையாக்கிப் படிக்க முயல்வதைவிட, அதன் சூழலைச் சொல்வது நேர்மையானது. அது சட்டப்படி வெளியேற வழியே இல்லாதவர்களின் துன்பத்துக்குப் பொருள் தேடிய கடிதம். வெளியேற இயலாதவரைத் தேற்றுவது வேறு. வெளியேறக்கூடியவரைத் தங்கியிருக்கச் சொல்வது வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ள நாட்டில், முதலாவதைக் காட்டி இரண்டாவதைப் போதிப்பதற்கு அக்கடிதம் உரிமை தரவில்லை.

தமிழ் இந்த வேறுபாட்டைத் தன் வினையமைப்பிலேயே வைத்திருக்கிறது. ‘ஒப்பு’ என்பதோடு ‘கொள்’ சேர்ந்தால் சம்மதித்தல். ‘கொடு’ சேர்ந்தால் கையளித்தல். ஒப்புக்கொள்ளாமலே ஒருவர் ஒப்புக்கொடுக்கப்படலாம். கிறிஸ்துவைக் குறித்த நம்பிக்கையின் சாரம், அவரிடம் இவ்விரண்டும் ஒன்றாகக் கூடின என்பது. கத்தோலிக்கரின் இரண்டாம் நற்கருணை மன்றாட்டு இலத்தீனில் இதையே செய்கிறது: வினை செயப்பாட்டு வடிவில் நிற்க, அதனருகே ‘மனமுவந்து’ என்ற அடைமொழி வருகிறது. அந்த அடைமொழி அவருக்கு உரியது. அதை எடுத்துப் பிறருடைய செயப்பாட்டு வினைகளின் மீது ஒட்டும் அதிகாரம் எந்தப் பிரசங்கிக்கும் இல்லை.

மனமுவந்த பலியை வேறெந்த நற்செய்தியாளரையும்விட வலியுறுத்துபவர் யோவான். விசாரணையின்போது காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்ததையும் அவர் பதிவுசெய்கிறார். இயேசு அப்போது மௌனமாக இல்லை. தாம் பேசியது தவறென்றால் அதை நிரூபிக்கும்படியும், சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்றும் கேட்கிறார் (18:23). கிறிஸ்துவோடு தாமும் சிலுவையில் அறையப்பட்டதாக எழுதிய பவுலும், சவுக்கால் அடிக்கக் கட்டப்பட்டபோது, தீர்ப்பில்லாமல் ரோமக் குடிமகனை அடிப்பது சட்டப்படி சரியா என்று கேட்டார் (அப்போஸ்தலர் 22:25). பின்னர் இராயனிடம் மேல்முறையீடும் செய்தார் (25:11). தம்மை ஒப்புக்கொடுத்தவரும் அவரைப் பின்பற்றியவரும் அடியை நோக்கிக் கேள்வி கேட்டார்கள் என்பதையும் புனித வெள்ளிப் பிரசங்கங்கள் சொல்லட்டும். இறையியல் கல்லூரிகளில் மீட்பியலைப் படிக்கும் மாணவர்கள் அந்தக் கேள்வியையும் பாடத்தின் ஒரு பகுதியாகக் கொள்ளட்டும்.