ஞாயிற்றுக்கிழமைக் கூழ்ப்பானை

"நாளைக்கு என்ன சமையல்?" என்ற கேள்வி நமது வீடுகளில் சனிக்கிழமை மாலையிலேயே எழுந்துவிடும். ஆறு நாட்களை அவசரச் சோற்றோடும் ஒற்றைக் கறியோடும் கழித்த குடும்பம், ஏழாம் நாளில் நாவுக்கு நீதி கேட்பது இயல்புதானே! பருத்தித்துறையில் இக்கேள்விக்கு விடைகள் பல. ஒரு வீட்டிற் பிட்டும் கணவாய்க் கறியும். அடுத்த வீட்டிற் சோறும் ஆட்டிறைச்சியும். சைவ வீட்டிற் கத்தரிக்காய்க் குழம்பும் முருங்கைக்காய்ப் பாற்கறியும். ஆனால், "கூழ் காய்ச்சுவோமா?" என்று யாரேனும் ஒருவர் வாய் திறந்துவிட்டால், மற்ற விடைகளெல்லாம் மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளும்.

நாம் சொல்வது ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் இனிப்புக் கூழையன்று. உறைப்பும் புளிப்பும் கடல்வாசமும் கலந்த ஒடியற்கூழையே சொல்கின்றோம்.

இக்கூழின் கதை அடுப்பில் அன்று, பனையடியில் தொடங்குகின்றது. ஆவணி, புரட்டாதியில் விழும் பனங்கொட்டைகளைப் பாத்தியிற் புதைத்தால், மாரி மழை குடித்துக் கிழங்கு இறங்கும். தை, மாசியிற் கிண்டி எடுப்பார்கள். அவித்து உலர்த்தினால் அது புழுக்கொடியல். பச்சையாகவே பிளந்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்தெடுத்த மாவிலேதான் கூழ். 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டு, அந்நாட்டு அரிசி இலங்கைக்கு வராது நின்றபோதும், 1990களிற் பொருளாதாரத் தடை குடாநாட்டை நெருக்கியபோதும், வளவிலே நின்ற பனை நமது மக்களைக் கைவிடவில்லை. கடற்றொழிலுக்குக் கட்டுப்பாடுகள் இருந்த நாட்களில் மீனில்லாமலும் கூழ் கொதித்தது.

கூழின் உறைப்புக்கும் ஒரு கதை உண்டு. செத்தல் மிளகாயும் மரவள்ளியும் நம் நாட்டுப் பொருள்கள் அல்ல. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, ஐரோப்பியர் வந்த பின்னரே கப்பலேறி வந்தவை. பருத்தித்துறைக்குக் 'கற்களின் முனை' என்று பொருள்படும் பெயரை இட்டவர்கள் போர்த்துக்கேயர். அதுவே மருவி ஆங்கிலத்திற் 'பொயின்ற் பெட்ரோ' என்று ஆயிற்று. ஐரோப்பியர் வருமுன் வாழ்ந்த நம் முன்னோர் மிளகுறைப்பிலேதான் கூழ் குடித்திருக்க வேண்டும்.

சென்ற மாதத்து ஞாயிறொன்றில், பருத்தித்துறையில் உறவினரான ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பெரியம்மாவும் பெரியப்பாவும் மட்டுமே அந்த வீட்டில். பிள்ளைகள் நால்வரும் 1983ஆம் ஆண்டுக்குப் பின் ஒருவர்பின் ஒருவராகக் கடல் கடந்தவர்கள். பரணிலே பெரிய கூழ்ப்பானை ஒன்று கவிழ்ந்து கிடந்தது. "கூழ் காய்ச்சுவதில்லையா?" என்று கேட்டோம்.

"இரண்டு பேருக்குக் கூழ் வராது, தம்பி. கூழுக்கு ஆள் வேணும்," என்றார் பெரியம்மா.

அச்சொல் நம்மைச் சற்று நேரம் பேசவிடவில்லை. உண்மைதான். சோற்றை ஒருவருக்கும் ஆக்கலாம்; பிட்டை ஒரு குழலில் அவிக்கலாம். கூழிலோ நண்டு வேண்டும், இறால் வேண்டும், மீன் வேண்டும், பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, முருங்கையிலை வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி போட்டாலே பானை நிறைந்துவிடும். கூழ் என்பது கூட்டுக் குடும்பத்தின் கணக்கிலே பிறந்த உணவு. ஆட்கள் குறைந்தால், முதலில் அடுப்பைவிட்டு இறங்குவது அதன் பானைதான்.

அவ்வேளை கைத்தொலைபேசி ஒலித்தது. கனடாவிலிருந்து மகள். கடையில் ஒடியல்மாப் பொதி வாங்கியிருக்கிறாராம். பனிக்கட்டியில் உறைந்த நண்டும் இருக்கிறதாம். "மா எத்தனை கோப்பை, அம்மா?" என்று கேட்டார். பெரியம்மா சிரித்தார். "கோப்பைக் கணக்கு எனக்குத் தெரியாது, பிள்ளை. ஆளுக்கு ஒரு பிடி." "யாருடைய பிடி, அம்மா?" என்று வந்தது மறுகேள்வி. பெரியம்மாவிடம் அதற்கு விடை இல்லை. தமது கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வாசகர்களே, நமது வீட்டுச் சமையலின் அளவுகோல்கள் பல இவ்வாறு முதியவர்களின் கைகளிலேயே இருக்கின்றன. ஆகவே அன்று பெரியம்மா சொல்லச் சொல்ல, நாம் எழுதிக்கொண்டோம்.

ஒடியல்மாவை ஒரு மணி நேரமேனும் நீரில் ஊறவிட வேண்டும். மா அடியிற் படிந்ததும் தெளிந்த நீரை வடித்துவிட்டுப் புதுநீர் விட வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால்தான் கைப்பு நீங்கும், இதில் அவசரப்படலாகாது. பெரிய பானையில் நீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயிற்றங்காய் ஆகியவற்றை இட வேண்டும். அவை பாதி வெந்ததும் நண்டு, இறால், மீன்துண்டுகள். செத்தல் மிளகாய், மிளகு, உள்ளி, மஞ்சள் ஆகியவற்றை அரைத்த கூட்டைப் புளிக்கரைசலிற் கலந்து, மாவோடு சேர்த்துக் கரைத்து ஊற்ற வேண்டும். பின்னர் அகப்பை ஓயாது துழாவ வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். மாவின் பச்சைவாசம் அடங்கி, கூழ் தடித்து, அகப்பையில் ஒட்டி வழுகி விழுவதே பதம். கடைசியில் முருங்கையிலை. பனையோலையைக் கோலிய பிளாவில் வார்த்து, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிப்பதே வழக்கம்.

எழுதி முடித்தபோது பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். அடுத்த ஞாயிறு பானை பரணிலிருந்து இறங்கியது. மேல்வீட்டார் நண்டு கொண்டுவந்தனர்; முன்வீட்டு ஆசிரியை பலாக்கொட்டை தந்தார்; பின்வளவு முருங்கை இலை தந்தது. மூன்று வீட்டு மாணவர்கள் பிளாக் கோலப் பழகினார்கள். முதற் பிளாக்கள் ஒழுகிச் சட்டைகளைப் பாழாக்கின. பத்துப் பதினைந்து பேர் முற்றத்து வேப்பமரத்தின்கீழ் இருந்து குடித்தோம். பெரியம்மா தமது ஒரு பிடி மாவைக் கோப்பையிற் கொட்டிக் காட்ட, ஒரு மாணவி அளவைக் குறித்துக் கனடாவுக்கு அனுப்பினாள். யாருடைய பிடி என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

இல்லத்தரசியருக்கு மட்டுமன்றி, ஆடவருக்கும் மாணவருக்குமாக நாம் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். வருகின்ற ஞாயிறு உங்கள் வீட்டு முதியவரின் அருகே ஒரு கொப்பியோடும் ஓர் அளவுக் கோப்பையோடும் உட்காருங்கள். வீட்டில் ஆள் போதாதென்றால், வேலிக்கு அப்பால் ஒரு குரல் கொடுங்கள். அங்கும் ஒரு பானை பரணிலே கவிழ்ந்து கிடக்கக்கூடும்.